ஈயச் சட்டியில் வெந்த கிழங்கு

என் மகள் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள். இரண்டாவது தட்டுக்கு, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த தீய்ந்த கிழங்கைக் கரண்டியால் சுரண்டி நானே போட்டேன். "அடியில கீறதுதான் ருசி, அத்த துன்னு" என்று சொன்னவனும் நான்தான். அவளுக்கு அப்போது ஏழு முடிந்து எட்டாம் மாதம். இதற்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோய், இரண்டு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை.

நான் இருபத்தெட்டு வருஷம் லாஞ்சில் கடலுக்குப் போனவன். முட்டி தேய்ந்து நிறுத்திய பிறகு, திருவொற்றியூர்க் கரையில் அலையைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டோடு கிடக்கிறேன். லாஞ்சில் வலையும் இழுப்பேன், சமையலும் நான்தான். ஆடுகிற படகில் ஒன்பது ஆளுக்கு ஆக்கிப்போட்டவன் என்கிற திமிர் எனக்கு நிறையவே உண்டு. என் வீட்டுக்காரி வைத்த குழம்பில் நான் குறை சொல்லாத நாள் கிடையாது, அதற்கு அவளிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாத நாளும் கிடையாது.

சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடித்த வார்ப்பிரும்பு, மூன்று குட்டைக் கால், விளிம்பு தூக்கிய கனமான மூடி. ஏதோ கப்பலில் இருந்து கழித்துப் போட்டதை இராயபுரத்தில் பழைய இரும்புக் கடையில் வாங்கினேன். சமைக்க அல்ல, ஈயம் காய்ச்ச. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயக் குண்டுகளை எங்கள் ஆட்கள் நிறைய பேர் தாங்களே வார்த்துக்கொள்வார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாதல்லவா, அந்த இரண்டு மாதமும் வலை பின்னுவதும் குண்டு வார்ப்பதும்தான் வேலை. பழைய பேட்டரித் தகடு, தேய்ந்த குண்டு எல்லாவற்றையும் சட்டியில் போட்டு வீட்டு வாசலிலேயே அடுப்பு மூட்டி உருக்கி, அச்சில் ஊற்றுவோம். நான் கடலை விட்டபின் அந்தச் சட்டி ஆறு வருஷம் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது.

ஏழாம் மாதம் வளையல் போட்டு மகளை அழைத்து வந்தோம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. மருமகன் மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவன், மணலி புதுநகரில் வாடகை வீடு. ஷிப்ட் முடிந்தால் நேராக இங்கே வந்து பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

அவளுக்கு எதுவுமே வாய்க்குப் பிடிக்கவில்லை. மீன் வாடை என்றாலே எழுந்து ஓடுவாள். மீனவன் மகள், மீன் வாடைக்கு ஓடுகிறாள்! ஒரு சனிக்கிழமை ஃபோனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நைனா, இத்த பாரேன்."

வெள்ளைக்காரன் ஒருத்தன் காட்டுக்குள்ளே குந்திக்கொண்டு, கறுப்புச் சட்டியில் கிழங்கையும் கறியையும் அடுக்கி மூடி, மூடியின் மேலேயும் நெருப்புக் கங்கை வாரிக் கொட்டுகிறான். திறந்தால் கிழங்கு பொன்னாக வெந்து, மேலே சீஸ் உருகி வழிகிறது. என் மகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது எனக்கே தெரிந்தது.

"அந்தச் சட்டிக்கு டச் அவன்னு பேராம். இங்க எங்க கெடைக்கப் போது" என்றாள்.

"டச்சாவது கிச்சாவது. அந்த மாரி சட்டி நம்ம வூட்லயே கீது" என்றேன்.

எந்தச் சட்டி என்று என் வீட்டுக்காரிக்கு விளங்கிவிட்டது. "யோவ், அது ஈயம் காச்சுன சட்டியாச்சேயா. கலீஜா இருக்காது?" என்றாள்.

"நெருப்புல வச்சு எடுத்தா என்னாமே கலீஜு?" என்று அவள் வாயை அடைத்தேன். மாசமாக இருக்கிற பெண் ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். அதைச் சொன்னதும் அவளும் அடங்கிவிட்டாள். அவளுக்கும் அழுக்கு என்பதுதான் கவலையே ஒழிய வேறு எதுவும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கையால் அள்ளி, வாயால் ஊதி, தூண்டில் நரம்பில் சின்னக் குண்டைப் பல்லால் கடித்து நசுக்கிப் பழகியவர்கள் நாங்கள். ஈயம் எங்களுக்கு உப்பு மாதிரி, வீட்டில் கிடக்கிற சாமான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். சட்டியை வெறும் நெருப்பில் ஏற்றி நன்றாகக் காய்ச்சினேன். மூலையில் ஒட்டியிருந்த கடைசி ஈயமும் உருகி ஒரு மணியாகத் திரண்டு ஓடியது. அதைக் கீழே தட்டிவிட்டு, ஆறியதும் மணலும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போய் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. இரும்பு பளபளக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

பாறாங்கற்களுக்குப் பக்கத்தில் காற்று மறைவாக மூன்று கல் வைத்து அடுப்பு. சட்டியின் அடியில் ஆட்டுக் கொழுப்பை உருக்கி, நெஞ்செலும்புக் கறியைப் போட்டுச் சிவக்க வைத்தேன். அதன்மேல் வட்டவட்டமாக நறுக்கிய கிழங்கு ஒரு அடுக்கு, சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, நிறைய மிளகு. கறி மெத்தென்று வேகட்டும் என்று நாட்டுத் தக்காளி ஒரு கிலோவும், கூடவே ஒரு குவளை வினிகரும் ஊற்றினேன். மறுபடி கிழங்கு. மூடியைப் போட்டு, விளிம்புக்குள் அடுப்புக்கரிக் கங்கைக் குவித்தேன். ஒன்றரை மணி நேரம் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. திறந்தபோது வந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு நாயே எழுந்து வந்தது. சும்மா சொல்லக் கூடாது, என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எதையும் ஆக்கியதில்லை.

"ஷோக்கா கீது நைனா!" என்று சாப்பிட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்து என் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் ரெண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம்தான் தின்றோம். மிச்சத்தை அவளுக்கென்று வைத்தோம்.

நாலு மணிக்கு மருமகன் வந்தான். அவனுக்குத் தட்டு போட்டுவிட்டு, சட்டியை எனக்கே உரிய பெருமையோடு அவன் முன்னால் இழுத்து வைத்தேன். கரண்டி சுரண்டிய இடங்களில் அடி வெள்ளியாக மின்னியது. அவன் சாப்பிடக் கையை வைத்தவன் எடுத்துவிட்டான்.

"மாமா, இது எந்தச் சட்டி?"

"நம்ம ஈயம் காச்சுற சட்டிதான். எப்டி தேச்சு வச்சிருக்கேன் பாரு."

"ஈயமா? இவ சாப்ட்டாளா?"

"ரெண்டு தட்டு."

அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவன் மெதுவாக, தன் பெண்டாட்டிக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "மாமா, ஈயம் விஷம். எங்க லேப்ல அத்தத் தொட்டா கை கழுவாம தண்ணிகூடக் குடிக்க வுட மாட்டாங்க. நெருப்புல போகாது. புளிப்பு பட்டா கரைஞ்சு வரும். நீங்க தக்காளி போட்ருக்கீங்க, வினிகர் ஊத்திருக்கீங்க. வயித்துல கீற புள்ளைக்குத்தான் மொதல்ல போகும். மூளைக்கு."

நடுக்கடலில் என்ஜின் நின்று, புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லக் கேட்டவன் நான். அப்போதுகூட இப்படிப் பயந்தது கிடையாது. அங்கே பயந்தது என் உயிருக்கு. இங்கே, இன்னும் முகம்கூடத் தெரியாத ஒரு பிள்ளைக்கு நான் கையால் ஊட்டியிருக்கிறேன்.

விரலை விட்டு வாந்தி எடுக்கச் சொல்லலாமா என்றேன். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகிறது, அதெல்லாம் வேண்டாம் என்றான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் இருந்த சின்ன டாக்டர் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு, "துடிப்பு நல்லா இருக்கு, காலைல பெரிய டாக்டரைப் பாருங்க" என்றார். அந்தத் துடிப்பை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்டேன். குதிரை ஓடுகிற மாதிரி டொக் டொக்கென்று கேட்டது. நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

மறுநாள் பெரிய டாக்டர், நடுவயது அம்மா, விஷயத்தைக் கேட்டு, ரத்தம் எடுத்து வெளியே ஒரு லேபுக்கு அனுப்பச் சொன்னார். ரிசல்ட் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்த ஐந்து நாளை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்ததும் அவளிடம் போய் நிற்பேன். "புள்ள ஆடுதா?" ஆடுது நைனா. டீ குடித்துவிட்டு மறுபடி, "இப்ப ஆடுதா?" அரை மணிக்கு ஒரு தரம் கேட்டிருப்பேன். மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "நைனா, அது தூங்க வேணாமா? நீயே அத்த எழுப்பி எழுப்பி பேஜார் பண்ற" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்தாள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். முப்பது வருஷமாக என்னைத் திட்டித் தீர்த்தவள், திட்ட வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் நானே போய், "நாலு வார்த்த கேளேன்மே" என்றேன்.

"நானுந்தான பாத்துகினு இருந்தேன். உன்ன இன்னான்னு கேக்கறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோவிலுக்குப் போனேன். மெழுகுவத்தி ஏற்றினேன். ஜெபம் வரவில்லை. எனக்கு என்ன வேண்டுமானாலும் வரட்டும், அது மட்டும் நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தச் சட்டியை எடைக்குப் போடவும் மனசு வரவில்லை, யாராவது வாங்கிப் போய் அதில் சமைத்துவிட்டால்? சம்மட்டியால் அடித்து உடைத்தேன். அக்கம்பக்கத்தார் வந்து, நல்ல சட்டியை எதற்கு உடைக்கிறாய், பைத்தியமா என்றார்கள்.

சனிக்கிழமை ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். இருக்க வேண்டியதற்கு நிறையவே மேலே இருக்கிறது என்றார். என் மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதாம்மா. அந்த ஒரு சாப்பாடு" என்றேன்.

"அந்தச் சாப்பாடும் சேர்ந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஐயா, ஒரே ஒரு சாப்பாட்டுல இவ்வளவு வரும்னு எனக்குத் தோணல. ஈயம் சின்ன வயசுல உள்ள போனா எலும்புல போய் உக்காந்துக்கும். வருஷக்கணக்கா இருக்கும். பொண்ணு கர்ப்பமானா, பிள்ளைக்கு சுண்ணாம்புச் சத்து வேணும்னு உடம்பு எலும்பைக் கரைக்கும். அப்ப அதுவும் ரத்தத்துல வரும். இவங்க சின்ன வயசுல, ஈயம் இருக்கிற இடத்துல இருந்தாங்களா?"

வீட்டு வாசல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் அச்சில் ஊற்றுவேன், இவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பாள். புகை எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம்தான் உட்காருவாள். ஆறின குண்டுகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் என்று ஆடுவாள். அதற்கும் முன்னால், பல் முளைக்கிற வயசில், ஈறு அரிக்கிறது என்று அழுவாள். அப்போது குண்டு கோத்த கயிற்றைத் தண்ணீரில் கழுவி நான்தான் அவள் கையில் கொடுத்தேன். சில்லென்று வழவழவென்று இருக்கும். அதைக் கடித்துக்கொண்டு பேசாமல் கிடப்பாள். பிள்ளையைச் சமாளிக்க எனக்குத் தெரிகிறது பார் என்று என் வீட்டுக்காரியிடம் அதையும் பெருமையாகச் சொன்னேன்.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள். அவளுக்கு அந்தப் பல் முளைத்த கதை தெரியாது.

"முன்னாடி ஒண்ணு கலைஞ்சுதும்மா. அதுவும் இதனாலயா?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது ஐயா. நீங்களும் அதையே நினைச்சுகிட்டு இருக்காதீங்க" என்றார். நினைக்காமல் எப்படி இருக்க முடியும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிற்றைக் காயப் போடாமல் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், மாதா மாதம் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். கடைசியாக, எங்கள் வாசல் மண்ணிலும் வீட்டுத் தூசியிலும் இன்னும் ஈயம் இருக்கும், பிரசவம் வரைக்கும், அதற்கப்புறமும், அவள் அந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்றார்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை எட்டாம் மாதத்தில் திருப்பி அனுப்பினோம். மணலியின் சிம்னிகளுக்கு நடுவே இருக்கிற வாடகை வீடு, கடல்காற்று வீசுகிற என் வீட்டைவிடப் பிள்ளைக்கு நல்ல இடம் என்று ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் சண்டை போட்டு அனுப்பிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். என் வீட்டுக்காரி அவளோடு போய்விட்டாள். நான் தனியாக இருந்து வாசல் மண்ணை ஈரம் பண்ணி வெட்டி எடுத்து, சிமெண்டு போட்டேன். சுவரை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த துணியைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

பெண் பிள்ளை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, ஆனால் நன்றாக அழுதாள் என்று மருமகன் ஃபோனில் சொன்னான். அழுதாளா, நிஜமாகவே அழுதாளா என்று நான் நாலு தரம் கேட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், பால் குடிக்கிறாள், ஆனாலும் ஆறாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அந்த ஆறாம் மாதம் இன்னும் வரவில்லை.

நாற்பது நாள் கழித்துதான் மணலி புதுநகருக்குப் பார்க்கப் போனேன். முன்னாலேயே போயிருக்கலாம். ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு தள்ளிப்போட்டேன். போனதும் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "புடி நைனா" என்று என் மடியில் வைத்துவிட்டாள். கனமே இல்லை. என் சாயல் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அவள் கண்ணைத்தான் பார்த்தேன், என் முகத்தைப் பார்க்கிறாளா, திரும்பினால் கூடவே திரும்புகிறாளா என்று. திரும்பினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அப்போது அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். பிடித்து, அப்படியே இழுத்துக்கொண்டு போய் வாயில் வைக்கப் பார்த்தாள். நான் வெடுக்கென்று உருவிக்கொண்டேன். அவள் ஒரு நிமிஷம் திகைத்துப் பார்த்துவிட்டு, வீலென்று அழ ஆரம்பித்தாள்.

"இன்னா நைனா, வெரல்தான! கயுவிட்டுத்தான வந்த? குடேன்" என்றாள் மகள்.

மூன்று முறை கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன். பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள். நான் விரலைக் கொடுக்கவில்லை.